ஐன்ஸ்டைனின் பெருநாடி: வலி மறைத்த நோயும் சத்திரசிகிச்சை கண்ட வழிகளும்

டிக்கோயாவின் தேயிலை மலைகளில் வலி என்பது அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகும். காலை முதல் மாலை வரை கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணுக்கு முதுகு வலிக்கும். கவ்வாத்துக் கத்தியுடன் மழையிலும் குளிரிலும் நிற்கும் ஆணுக்கு இடுப்பு வலிக்கும். நேரத்துக்கு உண்ணாத வயிறு இருவருக்குமே எரியும். தைலம், கொத்தமல்லிக் கசாயம், கடையில் வாங்கும் இரண்டு மாத்திரைகள் என்பவற்றோடு அவ்வலிகள் அடங்கிவிடும். அல்லது அடங்கிவிட்டதாக எண்ணப்பட்டுவிடும். ஆனால், இத்தகைய சாதாரண வலிகளின் சாயலிலேயே வந்து உயிரைப் பறித்துச் செல்லும் நோயொன்றும் உண்டு. இருதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் தொகுதிப் பெருநாடியின் சுவர் பலவீனமடைந்து, பலூனைப் போல் புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுவதே அந்நோயாகும்.

இந்நோய் ஏழை, பணக்காரன் என்றோ, படித்தவன், பாமரன் என்றோ பார்ப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த விஞ்ஞானியாகப் போற்றப்படும் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் உயிர் நீத்ததும் இந்நோயினால்தான். காலத்துக்கும் வெளிக்கும் புதிய பொருள் கூறிய அம்மேதையின் வயிற்றுக்குள்ளே பல ஆண்டுகளாக அந்நோய் வளர்ந்து வந்தது. வயிற்றுக் கோளாறு என்று கருதப்பட்ட வலிக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. அவருடைய வாழ்வை அந்த ஒரு நாடியின் வழியே நோக்கும்போது, பெருநாடிச் சத்திரசிகிச்சை என்னும் துறை பிறந்து வளர்ந்த வரலாறும் நம் கண்முன் விரிகின்றது.

புகைக்குழாயும் வயிற்று வலியும்

ஐன்ஸ்டைன் 1879 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14 ஆம் திகதி ஜேர்மனியின் உல்ம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பட்டம் பெற்ற பின்னர் பல்கலைக்கழகத் தொழில் கிடைக்காமல், 1902 இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரிலிருந்த காப்புரிமை அலுவலகத்தில் ஊழியரானார். அந்த மேசையில் அமர்ந்திருந்த காலத்திலேயே, 1905 ஆம் ஆண்டில், பௌதிகவியலின் போக்கை மாற்றிய கட்டுரைகளை அவர் வெளியிட்டார். 1915 இல் பொதுச் சார்புக் கொள்கை முழுமை பெற்றது. 1919 இல் சூரிய கிரகணத்தின்போது எடிங்டன் முதலானோர் மேற்கொண்ட அவதானிப்புகள் அக்கொள்கையை மெய்ப்பித்தன. அதன் பின்னர் அவருடைய பெயர் உலகெங்கும் பரவியது.

அந்தப் புகழின் காலத்திலேயே அவருடைய உடல்நலமும் சீர்குலையத் தொடங்கியிருந்தது. முதலாம் உலகப் போரின் உணவுத் தட்டுப்பாடும் ஓயாத உழைப்பும் சேர்ந்து 1917 இல் அவரைப் படுக்கையில் தள்ளின. ஈரல் உபாதை, வயிற்றுப்புண், மஞ்சட்காமாலை என்று நோய்கள் அடுத்தடுத்து வந்தன. அப்போது அவரைப் பராமரித்த உறவினர் எல்சாவையே 1919 இல் மணந்தார். 1928 இல் இருதயம் விரிவடைந்துள்ளது என்று கண்டறியப்பட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுக்க நேர்ந்தது. இவ்வாறு வயிற்று வலி அவருக்குப் பழகிய துணையாகிவிட்டது. பழகிய வலியை மனிதன் சந்தேகிப்பதில்லை என்பதே இந்நோயின் பெரும் ஆபத்தாகும்.

அவருடைய இன்னொரு துணை புகைக்குழாய். அது சிந்தனைக்குத் துணைபுரிவதாக அவர் நம்பினார். வைத்தியர்கள் தடுத்தபோதும் அதனை முற்றாகக் கைவிட அவரால் இயலவில்லை. வயிற்றுப் பகுதிப் பெருநாடி புடைத்தலுக்குப் புகைத்தலே தலையாய காரணிகளுள் ஒன்று என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மையாகும். புகையிலை நஞ்சு நாடிச் சுவரின் மீள்தன்மை இழைகளைச் சிறிது சிறிதாக அரிக்கின்றது. உயர் குருதி அழுத்தம், முதுமை, குடும்பத்தில் முன்னர் எவருக்கேனும் இந்நோய் இருந்தமை என்பனவும் அதனோடு சேரும்போது ஆபத்து பன்மடங்காகின்றது. இந்நோய் பெண்களைவிட ஆண்களையே மிகுதியாகத் தாக்குகின்றது.

1922 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், ஜப்பான் செல்லும் வழியில், கிடானோ மாரு என்னும் கப்பலில் அவர் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கினார் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நகரைச் சுற்றிப் பார்க்க மனிதன் இழுக்கும் ரிக்ஷாவில் ஏற நேர்ந்தபோது, சக மனிதன் ஒருவனை அவ்வாறு நடத்துவதற்குத் தானும் உடந்தையாவதை எண்ணி வெட்கமுற்றதாகத் தம் நாட்குறிப்பில் அவர் எழுதி வைத்தார். அதே நாட்குறிப்பில் இங்குள்ள மக்களைப் பற்றி அவர் எழுதிய இழிவான வரிகளும் உள்ளன. 2018 இல் அது ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தபோது அவ்வரிகள் கண்டனத்துக்கு உள்ளாகின. மேதைகளும் தம் காலத்தின் குறைகளிலிருந்து முற்றாக விடுபட்டவர்கள் அல்லர் என்பதையே இது உணர்த்துகின்றது. மலையகத்தின் தேயிலைப் பெட்டிகள் வந்து சேர்ந்த அதே துறைமுகத்தில் நின்ற அவர், அத்தேயிலையைப் பறித்த மக்களைக் காணாமலேயே புறப்பட்டுச் சென்றார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்துள்ளது என்ற செய்தி அந்தக் கடற்பயணத்தின்போதே அவரை எட்டியது.

நாடிழந்த இருவர்

1933 இல் ஜேர்மனியின் ஆட்சி ஹிட்லரின் கைக்குச் சென்றது. அப்போது வெளிநாட்டிலிருந்த ஐன்ஸ்டைன் பின்னர் தாயகம் திரும்பவேயில்லை. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் குடியேறினார். 1936 இல் எல்சா காலமானார். 1940 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

அதே 1933 இல் பேர்லினிலிருந்து வெளியேறிய மற்றொருவர் ருடோல்ப் நிஸன். 1931 இல் ஒரு நோயாளியின் நுரையீரல் ஒன்றை முழுமையாக அகற்றிக் காப்பாற்றியதன் மூலம் புகழ் பெற்றிருந்த இளம் சத்திரசிகிச்சை நிபுணர் அவர். யூத வம்சத்தவர் என்பதனால் ஜேர்மனியில் அவருக்கு எதிர்காலமில்லாமற் போயிற்று. அவ்வேளையில் துருக்கி தன் பல்கலைக்கழகத்தைச் சீரமைத்துக்கொண்டிருந்தது. ஜேர்மனி துரத்திய பேராசிரியர்கள் பலருக்கு இஸ்தான்புல் கதவைத் திறந்தது. அங்கே நிஸன் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக 1939 வரை பணியாற்றி, துருக்கிய மாணவர்களைப் பயிற்றுவித்தார். பின்னர் அமெரிக்கா சென்றார். அடைக்கலம் நாடியவருக்கு முஸ்லிம் நாடொன்று அளித்த அந்தப் புகலிடத்தினூடாக வந்த கைகளே, 1948 இல் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்தன.

அஞ்சி ஒதுங்கிய ஆயிரம் ஆண்டுகள்

அச்சத்திரசிகிச்சையின் பெறுமதியை உணர்வதற்குப் பெருநாடியின் அமைப்பைச் சிறிது அறிந்திருத்தல் அவசியம். இருதயத்தின் இடது இதயவறையிலிருந்து மேலெழும் இந்நாடி, நெஞ்சினுள் வில்லாக வளைந்து, முள்ளந்தண்டின் இடப்புறமாகக் கீழிறங்கி, பிரிமென்றகட்டைத் துளைத்து வயிற்றுக்குள் நுழைகின்றது. அங்கே ஈரல், குடல், சிறுநீரகங்கள் என்பவற்றுக்குக் கிளைகளை அனுப்பிவிட்டு, தொப்புளை அண்மித்த மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. வயிற்றுப் பகுதியில் அதன் வழமையான விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். அது 3 சென்ரிமீற்றரை எட்டினால் புடைப்பு எனப்படும். ஆண்களில் 5.5 சென்ரிமீற்றரை எட்டும்போது வெடிக்கும் ஆபத்து சத்திரசிகிச்சையின் ஆபத்தை விஞ்சிவிடுகின்றது என்பது இன்றைய வைத்திய உலகின் பொதுவான கணிப்பாகும்.

குடல்களுக்கெல்லாம் பின்னால், முள்ளந்தண்டை ஒட்டிக் கிடக்கும் இந்நாடியை எட்டுவதே முதற் சிக்கல். எட்டினாலும் அதிலே கத்தி வைப்பதெவ்வாறு என்பது அடுத்த சிக்கல். உடலின் முழுக் குருதியும் சில நிமிடங்களில் வெளியேறிவிடக்கூடிய குழாய் அது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினின் குர்துபா நகரையடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த பெருமருத்துவர் அபுல் காஸிம் அல் ஸஹ்ராவி, தமது அத்தஸ்ரீப் என்னும் முப்பது பாகங்கள் கொண்ட நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். குருதி பாயும் நாடியை நூலினால் கட்டி அடைக்கும் முறையை அதில் விளக்கினார். நாடிப் புடைப்பைப் பற்றியும் எழுதினார். கைகால்களிலுள்ள சிறு புடைப்பை இருபுறமும் கட்டிச் சிகிச்சை செய்யலாம் எனக் காட்டிய அவர், அக்குள், கவடு, கழுத்து ஆகிய இடங்களிலுள்ள பெரும் புடைப்புகளை ஆயுதத்தால் தீண்டலாகாது என எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைக் கோழைத்தனமாகக் கொள்ளலாகாது. தன் கையின் எல்லையை அறிந்த வைத்தியனின் நேர்மை அது.

அந்த எல்லையை மீற 1817 இல் இலண்டனின் கைஸ் வைத்தியசாலையில் சேர் அஸ்ட்லி கூப்பர் முயன்றார். கவட்டுப் பகுதியில் வெடித்துவிட்ட புடைப்போடு வந்த சுமைத் தொழிலாளி ஒருவரின் வயிற்றைத் திறந்து, விரலால் வழி தேடிச் சென்று, பெருநாடியையே நூலினால் கட்டினார். மயக்க மருந்தோ கிருமி நீக்கமோ அறியப்படாத காலம் அது. நோயாளி சுமார் 40 மணித்தியாலங்களே உயிர் வாழ்ந்தார். அதன் பின்னர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இம்முயற்சி தோல்வியையே தழுவியது. 1923 இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ருடோல்ப் மட்டாஸ் பெருநாடியைக் கட்டிய நோயாளி ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக உயிர் வாழ்ந்தமை பெரும் சாதனையாகக் கருதப்பட்டது. ஆயினும் கட்டுதல் என்பது குருதி செல்லும் வழியை அடைத்தலேயாகும். அடைக்காமல் சீர்செய்யும் வழி அப்போதும் தெரிந்திருக்கவில்லை.

1948: செலோபேன் தாளின் காவல்

1948 இல் ஐன்ஸ்டைனின் வயிற்று வலி கடுமையாகியது. சில மாதங்களுக்கு ஒருமுறை மேல்வயிற்றில் தோன்றும் வலி இரண்டு மூன்று நாட்கள் நீடிக்கும். வாந்தியும் கூடவே வரும். பித்தப்பைக் கல்லாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அவரைப் பரிசோதித்த நிஸன், வயிற்றின் நடுப்பகுதியில் துடிக்கும் கட்டியொன்று இருப்பதைக் கைகளால் உணர்ந்தார். அவ்வாண்டின் இறுதி நாட்களில் புரூக்ளின் யூத வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடைபெற்றது.

வயிற்றின் முன்புறத்தைத் திறந்து நோக்கியபோது பித்தப்பையில் கல் எதுவும் இருக்கவில்லை. அதற்குப் பதிலாக, பெருநாடி ஒரு பெரிய தோடம்பழத்தின் அளவுக்குப் புடைத்திருந்தது. நல்வாய்ப்பாக அதன் சுவர் இன்னும் உறுதியாகவே இருந்தது. அதனை வெட்டி அகற்றி மாற்றும் முறையை உலகில் எவரும் அதுவரை வெற்றிகரமாகச் செய்து காட்டியிருக்கவில்லை. ஆகவே, நிஸன் தமக்குத் தெரிந்த வழியைக் கையாண்டார். பொருட்களைச் சுற்றிக் கட்டப் பயன்படும் செலோபேன் தாளினால் அப்புடைப்பைப் போர்த்தினார். அத்தாள் சுற்றியுள்ள இழையங்களை உறுத்துவதனால், உடல் தானாகவே அதனைச் சூழத் தழும்புத் திசுவை உருவாக்கும். அத்தழும்பு மெலிந்த சுவருக்குப் புறத்தே ஒரு கவசமாக அமையும். உடலின் எதிர்ப்பையே உடலுக்குக் காவலாக்கும் எளிமையான உபாயம் அது.

69 வயதான ஐன்ஸ்டைன் சில வாரங்களில் வீடு திரும்பினார். தம்முள்ளே இருப்பது என்னவென்பதும், அது ஒருநாள் வெடிக்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன. அந்த அறிவோடு அவர் மேலும் 6 ஆண்டுகளுக்கு அதிகமாக வாழ்ந்தார்.

அந்த ஆண்டுகளை அவர் அஞ்சி ஒடுங்கிக் கழிக்கவில்லை. சத்திரசிகிச்சை நடைபெற்ற அதே டிசம்பர் மாதத்தின் தொடக்கத்தில், பலஸ்தீனத்தின் டெய்ர் யாசீன் கிராமத்தில் நிகழ்ந்த படுகொலையைச் சுட்டிக்காட்டி மெனாகெம் பெகினின் கட்சியைக் கண்டித்து நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் வெளியான பகிரங்கக் கடிதத்தில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1952 இல் இஸ்ரேலின் ஜனாதிபதிப் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். அணுவாயுதத்துக்கு எதிராக ஓயாது குரல் கொடுத்தார். இயற்கையின் விசைகளையெல்லாம் ஒரே கோட்பாட்டினுள் அடக்கும் தமது நெடுநாள் முயற்சியையும் கைவிடவில்லை. ஒரு சத்திரசிகிச்சையும் ஒரு துண்டுத் தாளும் உலகுக்கு ஈட்டித்தந்த ஆண்டுகள் அவை.

கதவுகள் திறந்த காலம்

வியப்பு யாதெனில், அந்த ஆண்டுகளிலேயே பெருநாடிச் சத்திரசிகிச்சையின் அடைபட்ட கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1951 மார்ச் மாதத்தில் பாரிஸ் நகரில் சார்ள்ஸ் டுபோஸ்ட் என்பவர் வயிற்றுப் பெருநாடிப் புடைப்பொன்றை வெட்டி அகற்றி, இறந்த ஒருவரின் உடலிலிருந்து பெற்ற நாடித் துண்டை அவ்விடத்தில் பொருத்தித் தைத்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். 1952 இல் நியூயோர்க்கில் ஆதர் வூர்ஹீஸ் துணியினாலான குழாயும் நாடியின் பணியைச் செய்யும் என்பதை விலங்குகளில் செய்த ஆய்வின் மூலம் வெளிப்படுத்தினார். ஹூஸ்டன் நகரில் லெபனான் குடியேறிகளின் மகனான மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டக்ரோன் துணியை வீட்டுத் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்து, 1954 அளவில் அதனை மனிதருக்குப் பொருத்தத் தொடங்கினார். சிறுவயதில் தாயிடம் கற்ற தையற்கலை அவருக்குக் கைகொடுத்தது.

பெருநாடியை எட்டும் பாதைகளும் வகுக்கப்பட்டன. முதலாவது, வயிற்றின் முன்புறமாக நடுக்கோட்டில் திறந்து, குடல்களை ஒருபுறம் ஒதுக்கி, பின்புறச் சவ்வைக் கீறிப் பெருநாடியை அடையும் வழி. அவசர வேளையில் விரைவாகச் செல்ல ஏற்றது இதுவே. இரண்டாவது, நோயாளியை வலப்புறமாகச் சரித்துப் படுக்கவைத்து, இடது விலாவின் கீழாகக் கீறி, குடல்களை அவற்றின் சவ்வுப் பைக்குள்ளேயே விட்டு, பின்புறமாகச் சுற்றிச் செல்லும் வழி. முன்னர் வயிற்றில் சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்களுக்கும், சிறுநீரகங்களுக்கு மேலே நாடியைப் பிடிக்க வேண்டிய நிலையிலும் இது பெரிதும் உதவும். டுபோஸ்ட் தமது முதல் வெற்றியை ஈட்டியதும் இவ்வாறான பக்கவழியினூடாகவேயாகும்.

நெஞ்சினுள்ளேயும் இடத்துக்கேற்ப வழி மாறுகின்றது. இருதயத்திலிருந்து மேலெழும் பகுதிக்கும் வளைவுக்கும் மார்பெலும்பை நடுவே பிளந்து செல்ல வேண்டும். அதற்கு இருதயத்தினதும் நுரையீரலினதும் பணியைத் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரம் தேவை. கீழிறங்கும் பகுதிக்கு இடது விலா எலும்புகளுக்கிடையே செல்ல வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் ஒருசேரப் படர்ந்த புடைப்புக்கு இரண்டையும் இணைத்து நீண்ட கீறல் இடவேண்டும். எந்த வழியாயினும், புடைப்புக்கு மேலும் கீழும் கவ்விகளால் நாடியைப் பிடித்துக் குருதியோட்டத்தை நிறுத்தி, துணிக் குழாயைத் தைத்து முடிக்கும் வரையிலான நேரமே சத்திரசிகிச்சை நிபுணரின் உண்மையான சோதனையாகும். அந்நேரம் நீண்டால் சிறுநீரகம் பழுதடையும். நெஞ்சுப் பகுதியாயின் முண்ணாண் பாதிக்கப்பட்டுக் கால்கள் செயலிழக்கவும் கூடும்.

1955: மறுத்த சிகிச்சை

1955 ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஐன்ஸ்டைனின் காவல் உடைந்தது. அணுவாயுத ஒழிப்பை வேண்டி பேர்ட்ரண்ட் ரசல் தயாரித்த பிரகடனத்துக்கு அவர் 11 ஆம் திகதி ஒப்புதலளித்துக் கையொப்பமிட்டிருந்தார். அடுத்த ஓரிரு நாட்களில் கடும் வலி கண்டது. பிரின்ஸ்டன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். வலியின் தன்மை இம்முறையும் பித்தப்பை அழற்சியை ஒத்திருந்தது. பெருநாடி வெடிப்பு இவ்வாறு பித்தப்பை நோயாக வேடமிட்டு வருவதை வைத்திய உலகம் பின்னாளில் ஐன்ஸ்டைன் குறி என்றே பெயரிட்டு அழைக்கலாயிற்று.

நியூயோர்க்கிலிருந்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் பிராங்க் கிளென், புதிய முறையில் நாடியை மாற்றிப் பார்க்கலாம் என்றார். 1948 இல் இல்லாத வழி 1955 இல் இருந்தது. ஆயினும், 76 வயதான ஐன்ஸ்டைன் அதனை ஏற்கவில்லை. செயற்கையாக ஆயுளை நீட்டுவதில் தமக்கு விருப்பமில்லை என்றும், தம் பங்கை ஆற்றிவிட்டதாகவும், போகும் வேளை வந்துவிட்டதாகவும் அமைதியாகத் தெரிவித்தார். மூக்குக் கண்ணாடியையும் எழுதிக்கொண்டிருந்த தாள்களையும் வரவழைத்துத் தம் கணிப்புகளைத் தொடர்ந்தார். 18 ஆம் திகதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. இறுதியாக ஜேர்மன் மொழியில் அவர் சொன்ன சொற்களை அருகிலிருந்த தாதியினால் புரிந்துகொள்ள முடியவில்லை. பின்னர் நடைபெற்ற பிரேத பரிசோதனை பெருநாடி வெடித்திருந்ததை உறுதி செய்தது.

அவர் மறுத்தது சரியா, தவறா என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அக்காலத்தில் வெடித்த பெருநாடிக்கான சத்திரசிகிச்சை மிக ஆபத்தானது. ஆனால், இங்கே ஒரு ஒப்பீடு சிந்தனைக்குரியது. பெருநாடிச் சத்திரசிகிச்சையின் தந்தையருள் ஒருவரான டிபேக்கிக்கே 2005 டிசம்பர் 31 ஆம் திகதி நெஞ்சுப் பகுதிப் பெருநாடியின் சுவர் பிளந்தது. அவரும் முதலில் சத்திரசிகிச்சையை விரும்பவில்லை. 2006 பெப்ரவரியில் அவர் நினைவிழந்த நிலையில், வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழு கூடி ஆராய்ந்த பின்னர், மனைவியின் வற்புறுத்தலோடு, அவருடைய நெடுநாள் சகாவே அவர் வகுத்த முறையின் வழியில் சத்திரசிகிச்சை செய்தார். அப்போது அவருக்கு வயது 97. மாதக்கணக்கான சிகிச்சையின் பின்னர் எழுந்து நடமாடி, 2008 ஜூலையில் 99 ஆவது வயதில் காலமானார். தமக்குச் சத்திரசிகிச்சை செய்தமைக்காகப் பின்னர் அவர் மகிழ்ச்சியே தெரிவித்தார். ஒருவர் மறுத்தார், மற்றவர் பிழைத்து மகிழ்ந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுண்டு. தமக்கு என்ன நோய் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. முடிவெடுக்கும் உரிமை என்பது அந்த அறிவிலிருந்தே பிறக்கின்றது.

டிக்கோயாவுக்கு உரிய பாடம்

இன்று வயிற்றைத் திறவாமலேயே பெருநாடியைச் சீர்செய்யும் வழியும் உண்டு. கவட்டிலுள்ள நாடியினூடாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மடித்து வைக்கப்பட்ட துணிக் குழாயைப் புடைப்பினுள்ளே விரியச் செய்யும் இம்முறையை 1987 இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடோஸ் நெஞ்சுப் பகுதியிலும், 1990 இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஹூவான் பரோடி வயிற்றுப் பகுதியிலும் செய்து காட்டினர். முதியோருக்கும் பலவீனமானோருக்கும் இது பெரும் வரப்பிரசாதமாகும். ஆயினும் எல்லோருக்கும் இது பொருந்துவதில்லை; நாடியின் வடிவம் இடங்கொடுக்க வேண்டும்; செலவும் அதிகம்; வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பும் வேண்டும்.

பெருநாடியை எட்டும் பாதைகள் அனைத்தும் இவ்வாறு திறந்துவிட்டன. எஞ்சியிருப்பது நோயாளி அந்தப் பாதையின் தொடக்கத்தை எட்டுவதுதான். டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் வாழும் ஒருவருக்குப் பெருநாடி வெடித்துவிட்டால், லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வந்து, வளைந்து செல்லும் மலைப்பாதையில் மணிக்கணக்காகப் பயணித்துக் கண்டியையோ கொழும்பையோ அடைவதற்குள் உயிர் தங்குவது அரிது. நகரத்தின் நடுவே வெடித்தாலும் பெரும்பாலோர் தப்புவதில்லை என்பதே உலகெங்கும் உள்ள நிலை. எனவே வெடித்த பின்னர் ஓடுவதைவிட, வெடிக்கும் முன்னர் கண்டறிவதே மலையகத்துக்கு ஏற்ற வழியாகும்.

அதற்கு ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்தது போல் இன்று எவருடைய வயிற்றையும் திறக்கத் தேவையில்லை. கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யப்படும் அதே வகையான ஸ்கேன் பரிசோதனை, வலியின்றி, ஊசியின்றி, சில நிமிடங்களில் பெருநாடியின் அளவைக் காட்டிவிடும். பிரித்தானியாவில் 65 வயதை எட்டும் ஆண்கள் அனைவருக்கும் ஒருமுறை இப்பரிசோதனை வழங்கப்படுகின்றது. அமெரிக்காவில் 65 முதல் 75 வயதுக்குட்பட்ட, எப்போதேனும் புகைபிடித்த ஆண்களுக்கு இது பரிந்துரைக்கப்படுகின்றது. இந்திய அரசின் உதவியுடன் 150 கட்டில்களைக் கொண்டதாக அமைக்கப்பட்டு, 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியினால் திறந்து வைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, தோட்டங்களின் நடுவே நிற்கின்றது. புகைப்பழக்கமுள்ள முதியவர்களை ஆண்டுக்கொருமுறை தோட்டம் தோட்டமாக அழைத்து, குருதி அழுத்தத்தைப் பார்ப்பதோடு வயிற்றையும் ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கும் ஏற்பாடு, சுகாதாரத் துறையினரும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் மனம் வைத்தால் இயலாத காரியமன்று. பெரும் புடைப்பு உள்ளவர் எனக் கண்டறியப்பட்டவர், அவசரமின்றி, பகல் வெளிச்சத்தில், பஸ்ஸில் ஏறிக் கண்டிக்குச் சென்று நிபுணரைச் சந்திக்கலாம்.

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. பீடியையும் சிகரட்டையும் கைவிடுதல் முதற் கடமை. வாழ்நாளில் அனுபவித்திராத கடுமையான வயிற்று வலியோ முதுகு வலியோ திடீரெனத் தோன்றி, தலைசுற்றலும் வியர்வையும் கூடவே வருமாயின், அதனை வேலைக் களைப்பு என்றோ வாயுக்கோளாறு என்றோ எண்ணித் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடாமல், உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியூலன்ஸ் வண்டியை வரவழைத்தல் அடுத்த கடமை. பரிசோதிக்கும் வைத்தியரும் கொழுந்து சுமக்கும் மக்களின் முதுகு வலிதானே என்று கடந்து செல்லாமல், வயிற்றின் நடுவே ஒருமுறை கை வைத்துத் துடிப்பைத் தேடவேண்டும். 1948 இல் நிஸனுக்கு உண்மையைச் சொன்னது அந்தக் கைதான்.

உலகமே கொண்டாடிய மேதை என்பதனால் ஐன்ஸ்டைனின் வயிற்று வலியை ஒருவர் பொருட்படுத்திப் பரிசோதித்தார். அதனால் அவர் மேலும் 6 ஆண்டுகளுக்கு அதிகமாகப் பணியாற்றினார். தம் முடிவைத் தாமே தீர்மானிக்கும் உரிமையையும் பெற்றார். பேர் அறியப்படாத ஒரு தோட்டத் தொழிலாளியின் வலியும் அதே கவனத்தோடு பொருட்படுத்தப்படும் நாளே, பெருநாடிச் சத்திரசிகிச்சையின் நீண்ட பயணம் டிக்கோயா மலையை வந்தடைந்த நாளாகும்.